உள்ளே பெயிண்ட் அடித்த பெட்டி

1978 ஆகஸ்ட் 12. ரொட்டி சுடும் தகரத் தட்டு: 1 டாலர் 25 சென்ட்.
செப்டம்பர் 9. பழைய மீட்டர் பெட்டி: 4 டாலர்.
செப்டம்பர் 30. ராணுவ ரேடியோவின் இரும்புப் பெட்டி: 7 டாலர்.

மூன்றும் டேட்டன் நகரச் சனிக்கிழமைச் சந்தையில், கார் டிக்கியைத் திறந்து வைத்து விற்பவர்களிடம் வெண்டெல் கிராட்ஸ் வாங்கியவை. லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணன் டெல்பர்ட்டுக்காக ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்து முடித்திருந்தார். பெட்டிதான் அமையவில்லை. மிச்சிகனின் வடகோடியில் தனியாக வசித்த டெல்பர்ட்டுக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது, இசைத்தட்டுகள்தான் துணை. தடவித் தடவி நடமாடுகிறவர் பக்கத்தில் முந்நூறு வோல்ட்டைத் திறந்து வைக்க முடியாது.

ரொட்டித் தட்டு டிரான்ஸ்ஃபார்மரின் கனத்தில் வளைந்தது. மீட்டர் பெட்டியில் ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகளின் தலை இடித்தது. மூன்றாவது, அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. வெண்டெல் காற்றுத் துளைகள் போட்டு, துருவை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளும் புறமும் மூன்று பூச்சு சாம்பல் பெயிண்ட் அடித்தார். மூடியின் விளிம்பைக்கூட விடவில்லை.

தங்கை மகனின் லாரி அக்டோபர் 21 அன்று வடக்கே கிளம்புவதாக இருந்தது. அதை விட்டால் பனி கரைந்த பிறகுதான். இரண்டு நாள் முன்பு போட்டுப் பார்த்தபோது, பாட்டுக்கு அடியில் வண்டு போல ஒரு ரீங்காரம். வயர்களை மாற்றினார், வால்வுகளை மாற்றினார். வண்டு போகவில்லை.

மறுநாள், பெட்டியை விற்ற கில் சாண்டோஸ் வந்து மூடியைக் கழற்றினார்.

"உள்ள எதுக்குய்யா பெயிண்ட் அடிச்ச?"

"துரு பிடிக்கும்ல."

"இரும்பும் இரும்பும் தொட்டாத்தானே எர்த்து. நீ நடுவுல மெத்தை விரிச்சு வெச்சிருக்க. உள்ள ஒரு வயர் அறுந்து பட்டா மூடியில கரண்ட் நிக்கும். சுரண்டு."

"விளிம்பு பூரா அசிங்கமாயிடும்."

"பாக்கப்போறது உங்கண்ணன். அவருக்கா அசிங்கம் தெரியப்போகுது?"

"அந்தப் பெயிண்ட் கராஜ்ல காயறதுக்குத்தான் நாலு நாள் கார் மழையில நின்னுச்சு," என்றார் காபி கொண்டுவந்த மனைவி ஆர்லீன்.

வெண்டெல் அரத்தை எடுத்தார். விளிம்பிலும் ஸ்க்ரூக்களின் அடியிலும் வெள்ளை இரும்பு தெரிந்ததும் வண்டு அடங்கியது. லாரி சனிக்கிழமை போனது.

டெல்பர்ட் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண் கடிதம் எழுதியிருந்தார்:

"டேய், சத்தம் சுத்தமா இருக்கு. பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் மூடியைக் கழட்டித் தடவினேன், பயப்படாதே. எல்லா இடமும் வழுவழுன்னு இருக்கு, விளிம்பு மட்டும் சொரசொரங்குது. உள்ளயும் அடிச்சிட்டுத்தானே சுரண்டின? 1951ல நான் ஒரு ரேடியோ செஞ்சப்ப நானும் பெட்டிக்குள்ள அடிச்சேன். நீ சிரிப்பேன்னு சொல்லல."

வெண்டெல் அதை ஆர்லீனுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்.

அடுத்த ஜனவரியில் டெல்பர்ட் இறந்துபோனார். அதற்குள் அவரிடமிருந்து வேறு கடிதம் வரவில்லை. இந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 1978 நவம்பர் 21.