நாக்கு மீனின் இன்னொரு கண்

போன சனிக்கிழமை புதுச்சேரியில் ஒரு நேர்முகத் தேர்வு. கேள்வி கேட்க மூன்று பேர். பதில் சொல்ல நான். நடுவில், மேசை மேல், என் மாணவர்கள் வரைந்த பத்துப் படங்கள்.

பணியில் இருக்கும் அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கென்றே கலைக் கல்வியில் ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. வார இறுதியிலும் கோடை விடுமுறையிலும் வகுப்பு. காரைக்கால் கடலோரப் பள்ளி ஒன்றில் எட்டு வருடமாக நான் டிராயிங் டீச்சர். விண்ணப்பித்துவிட்டேன்.

ஸ்டாஃப் ரூமில் கேட்க வேண்டுமா?

“டிராயிங்குக்கு எதுக்குங்க எம்.ஏ.? சூரியனுக்கு இன்னும் நாலு கதிர் போடவா?” என்றார் கணக்கு சார். பரீட்சை நெருங்கினால் என் பீரியடை முதல் ஆளாக வந்து கேட்டு வாங்கிப் போவதும் அவர்தான்.

நான் போலகத்து விவசாயி மகள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள். ‘மேலே படித்து என்ன செய்யப் போகிறாய்?’ என்ற கேள்வி ஐந்தாம் வகுப்பிலிருந்தே எனக்குப் பழக்கம். ஒவ்வொரு முறையும் படித்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

நேர்முகத்துக்கு வருவோம். மூவரில் ஒரு அம்மையார் படங்களை வரிசையாகப் பரப்பினார். எல்லாம் பரிசு வாங்கியவை. பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

“பத்துப் பேர் வரைஞ்சதுன்னு சொல்றீங்க... தென்னை மரம் பத்துலயும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கே?”

ஏனென்றால், கரும்பலகையில் நான் அப்படித்தான் வரைவேன். சீட் போச்சு!

பையில் பதினோராவதாக ஒரு படம் இருந்தது. காட்டலாமா, வேண்டாமா என்று பஸ்ஸில் வழி நெடுக யோசித்த படம். காட்டினால் என் தப்பு வெளியே வரும். காட்டாவிட்டால்... அந்தத் தென்னை மரங்கள்தான் நான்.

எடுத்து வைத்தேன்.

போன வருடம் ஆறாம் வகுப்பில், ‘எனக்குப் பிடித்த மீன்’ என்று தலைப்புக் கொடுத்தேன். கிளிஞ்சல்மேட்டு அபிநயா ஒரு தட்டை மீன் வரைந்தாள். இரண்டு கண்ணும் ஒரே பக்கம். ரப்பரை எடுத்து ஒரு கண்ணை அழித்தேன். ‘பக்கவாட்டில் ஒரு கண்தான் தெரியும்’ என்று சிவப்புப் பேனாவால் எழுதி, பத்துக்கு நாலு போட்டேன். அவள் தாளை வாங்கிக்கொண்டு இடத்துக்குப் போய்விட்டாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார். படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“என்னங்க டீச்சர், நாக்கு மீனப் பாத்ததே இல்லியா? அதுக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கந்தாங்க. பாவம், ஒத்தக் கண்ணாக்கிட்டீங்களே.”

பார்த்திருக்கிறேன். தலையை நறுக்கி, மசாலா தடவி, தோசைக்கல்லில்! அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அம்மையார் கேட்டார், அந்தப் பெண் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று.

“டீச்சர் தப்புன்னு சொல்லிட்டா, மீனே தப்புன்னு நினைச்சிருக்குங்க அந்தப் புள்ள. எட்டு வருஷமா எத்தனை புள்ளைங்களுக்கு இப்படிக் கண்ணை அழிச்சேனோ... எனக்கு வரையத் தெரியும். சொல்லித்தரத்தான் கத்துக்கணும்.”

மூவரும் எழுதிக்கொண்டார்கள். பரிதாபமா, பாராட்டா? தெரியவில்லை.

புதன்கிழமை பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது.

மறுநாள் அபிநயாவைக் கூப்பிட்டுத் தாளையும் பென்சிலையும் நீட்டினேன். அழித்த தடம் இன்னும் தெரிந்தது. அதன் மேலேயே கண்ணை வரைந்தாள். நான் நாலை அடித்துவிட்டுப் பத்து போடப் போனேன்.

“பத்து வேணாம் டீச்சர். வாலத் தனியா போட்டுட்டேன். நாக்கு மீனுக்கு ஒடம்போடயே ஒட்டிப் போவும்.”

இந்த முறை சொல்லிவிட்டாள்! ஒன்பது போட்டேன்.

கணக்கு சாருக்கு ஒரு தகவல்: சூரியனுக்குக் கதிர் எத்தனை என்பதை இனிப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். என் பீரியட் மட்டும் உங்களுக்குக் கிடைக்காது.