புளியமரப் பாட்டு நான் எழுதியதல்ல

இன்னிசைக் கச்சேரி நடத்துகிறவன் நடுவில் தன் சொந்தப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டால் ஜனங்கள் எழுந்து பஜ்ஜி வாங்கப் போய்விடுவார்கள் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். கள்ளக்குறிச்சியில் பதினெட்டு வருஷம் ஆர்மோனியப் பெட்டியோடு குப்பை கொட்டியவன் சொல்கிறேன், நம்புங்கள். நீங்களும் எங்கேயாவது மேடையேறி, சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டு, எதிரே காலி நாற்காலிகளைப் பார்த்திருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள், சேர்ந்து அழுவோம்.

நான் எழுதி மெட்டுப் போட்டது நாற்பது பாட்டுக்கு மேல் இருக்கும். ஒன்றுகூட யார் வாயிலும் நிற்கவில்லை. ஊர் வாயில் நின்ற ஒரே பாட்டு நான் எழுதாதது. அதை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நிலாவும் பஜ்ஜியும்

சங்கராபுரம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. பிள்ளையார் பாட்டு, அப்புறம் நாலு சினிமாப் பாட்டு. கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சரி, இதுதான் சமயம் என்று நிலாவைப் பற்றி நான் எழுதிய பாட்டை ஆரம்பித்தேன். ஆறு மாசம் உழைத்த பாட்டு ஐயா அது! வரிக்கு வரி எதுகை, நடுவில் கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆலாபனை வேறு. ஆலாபனை முடிந்து கண்ணைத் திறந்தால் எதிரே மாப்பிள்ளையின் மாமனார் மட்டும் இருந்தார். அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மண்டப வாசலில் வண்டி போட்டிருந்த பஜ்ஜிக்காரர் ஒரு தட்டு நிறைய மிளகாய் பஜ்ஜியோடு மேடைக்கே வந்துவிட்டார். அப்பாடா, ஒரு ரசிகனாவது கிடைத்தானே என்று கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவர் என் காதுக்குக் குனிந்து சொன்னார்:

"மாஸ்டர், அந்த நெலா பாட்ட இன்னொருக்கா எடுத்து உடுங்க. இன்னும் ரெண்டு கிலோ மாவு மிச்சம் இருக்குது."

மூச்சு வாங்கிய ஊர்வலம்

அது இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். இன்றைக்கு ஊர்வலம், நாளைக்கு மறியல், மறுநாள் கடையடைப்பு. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் பஞ்சாங்கத்தோடு மறியல் தேதியையும் பார்த்தார்கள். எங்களுக்குக் கச்சேரி படுத்துவிட்டது. அப்போதுதான் போராட்டக்காரர்களின் உள்ளூர்ப் பொறுப்பாளர், உரக்கடை வைத்திருந்தவர், ஊர்வலத்தில் பாட ஒரு பாட்டு வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார். விடுவேனா? மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் எழுதினேன். 'விடியலின் விழுதுகளே, வெஞ்சினத்தின் பழுதறியாப் பொழுதுகளே' என்று தொடங்கும். அர்த்தம் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

ஊர்வலத்தின் தலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது மூன்றாவது வரி பாடிக்கொண்டிருந்தது. வால் இன்னும் முதல் வரியிலேயே 'பழுதறியா'வில் மாட்டிக்கொண்டு தவித்தது. நடுவில் இருந்தவர்கள் பேசாமல் நடந்தார்கள். சாயங்காலம் உரக்கடைக்காரர் வந்தார். நல்ல மனுஷன், மனசு நோகாமல் சொல்லத் தெரிந்தவர்.

"பாட்டு பிரமாதங்க மாஸ்டர். ஆனா நடந்துக்கினே பாடறதுக்கு மூச்சு ஜாஸ்தி வேணும் போல இருக்குது. நாலு பேர சோடா குடுத்துத்தான் எழுப்பினோம்."

மரத்திடம் வழி கேட்டவன்

இங்கே எங்கள் வேன் டிரைவர் ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தியாகதுருகம் பக்கத்து ஆள். என்னைவிடப் பத்து வயசு சின்னவன். பேச்சு ரொம்பக் கம்மி. கச்சேரி ஆரம்பித்தால் வேனுக்குள் காலை நீட்டிப் படுத்துவிடுவான். சங்கீதத்துக்கும் அவனுக்கும் இருந்த உறவு ஹாரன் அடிப்பதோடு சரி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கல்வராயன் மலையில் கரியாலூரில் ஒரு கல்யாணம், பகல் கச்சேரி. விடிந்ததும் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. மறியலுக்காக வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதன்மேல் முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு கரும்பு லாரி, ஒரு பஸ், பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நின்ற சனம். மரத்தின் கிளைப் பக்கம் ஒரு வண்டி நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. ஆனால் நாலு பேர் அந்தக் கிளையைத் தூக்கிப் பிடித்தால்தான் போக முடியும்.

"கல்யாணத்துக்குப் போறோம்ங்க, பாட்டுக்காரங்க" என்று கும்பிட்டேன். "பாட்டுக்காரங்கன்னா பாடுங்க பாப்போம். பிடிச்சிருந்தா உடறோம்" என்றான் மரத்தின்மேல் இருந்த ஒருத்தன். இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? ஆர்மோனியத்தை வேன் படியில் வைத்து, அவர்களுக்காகவே எழுதிய விடியலின் விழுதுகளைப் பாடினேன். இரண்டு பேர் பீடி பற்ற வைத்தார்கள். ஒருத்தர் துண்டை விரித்துப் படுத்தார்.

அதுவரை வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஏழுமலை துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்துக்கிட்டே போனான். உழுதுவிட்டு வந்த மாட்டைத் தட்டிக்கொடுப்பது மாதிரி அடிமரத்தைத் தட்டிக்கொடுத்தான். தட்டிய தாளத்திலேயே பாடினான்.

நின்னு நின்னு காலு நோவுதா, புளியமரமே,
நீயும் சாஞ்சி படுத்துக்கினியா, புளியமரமே?
நாங்களுந்தான் நின்னுக்கினு இருக்கோம், புளியமரமே,
நவுந்து கொஞ்சம் வழி உடேன், புளியமரமே!

அவ்வளவுதான், நாலே வரி. மோனை தானாக வந்து விழுந்திருக்கிறது பாருங்கள், படுபாவிக்கு! முதலில் ஒருத்தன் சிரித்தான், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி பாடச் சொன்னார்கள். மூன்றாவது வரிக்கு மரத்தின்மேல் இருந்த ஒரு பெரியவர், "ஆமாய்யா, நாங்களுந்தான் எத்தினி வருசமா நின்னுக்கினு இருக்கோம்" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸை விட்டு இறங்கிய பொம்பளைகளும் லாரி டிரைவரும் சேர்ந்து பாடினார்கள். அவர்களும் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவர்கள்தானே. வெட்டுப்பட்டுக் கிடக்கிற மரத்தைப் பார்த்துக் கால் நோவுதா என்று கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

பத்துப் பேர் இறங்கிக் கிளையைத் தூக்கிப் பிடித்தார்கள். எங்கள் வேனும் பின்னாலேயே பஸ்ஸும் போயின. மலையேறும்போது பொறுக்க முடியாமல், "டேய், எப்படா எழுதின இந்தப் பாட்ட?" என்று கேட்டேன். அவன் கியரை மாற்றிக்கொண்டே சொன்னான்:

"அது பாட்டாங்கண்ணே? மரத்தாண்ட வழி கேட்டேன், அவ்ளோதான்."

அட்டையில் ஒரு பேர்

பத்தே நாளில் பாட்டு எங்களுக்கு முன்னால் ஓடியது. சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் அதைப் பாடித்தான் படிக்கட்டுச் சனத்தை உள்ளே தள்ளினார். பந்தோபஸ்துக்கு நின்ற கான்ஸ்டபிள், லத்தியால் பூட்ஸில் தாளம் போட்டு, 'காலு நோவுதா' மட்டும் பாடினார். போராட்டத்துக்கு வேண்டியவர்களும் பாடினார்கள், வேண்டாதவர்களும் பாடினார்கள். கச்சேரிக்குப் போனால் இந்தப் பாட்டு வேண்டும் என்று மேடைக்கு எழுதி அனுப்பும் சீட்டுகளில் பாதி புளியமரத்துக்குத்தான்.

குழு என்னுடையது, ஆகவே பாட்டும் என்னுடையது என்று சனங்களே முடிவு கட்டிவிட்டார்கள். "மாஸ்டர், இதான்யா பாட்டு!" என்று கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நாற்பது பாட்டுக்கு ஒரு கைதட்டல்கூட வாங்காதவனுக்குச் சபலம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் சேலத்திலிருந்து கேசட் போடுகிற ஒருவர் வந்தார். வேன் பக்கத்தில் நின்று நோட்டைத் திறந்து, "அட்டையில பாடல், இசைன்னு யார் பேருங்க போடறது?" என்று கேட்டார். இரண்டடி தள்ளி ஏழுமலை டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "என் பேர்தான்" என்றேன். டயர் தட்டுகிற சத்தம் ஒரு நொடி நின்றது. அப்புறம் மறுபடியும் கேட்டது. அந்த ஒரு நொடியில் நான் கூனிக் குறுகிப் போனேன்.

திரும்புகிற வழியெல்லாம் அவன் ஏதாவது கேட்பான், திட்டுவான், வேனை நிறுத்திச் சாவியைத் தூக்கி எறிவான் என்று காத்திருந்தேன். என் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டபோதுதான் வாயைத் திறந்தான்.

"பின்னாடி டயர் ஒண்ணு வீக்கா இருக்குதுங்கண்ணே. பாத்து மாத்திடுங்க."

தோட்டத்தையும் விடவில்லை

கேசட் வந்தது. அட்டையில் நான் ஒரு புளியமரத்தில் சாய்ந்துகொண்டு நிற்கிறேன். அந்த மரம் நிமிர்ந்து நிற்கிறது, அதற்காவது கொஞ்சம் மானம் இருந்தது. கேசட்காரர் உடனே "இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க" என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார். நானும் உட்கார்ந்தேன். 'வேப்பமரமே, வேர் கசக்குதா' எழுதினேன். 'பனைமரமே, தலை சுத்துதா' எழுதினேன். முருங்கைக்குக்கூட ஒன்று எழுதினேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் எங்கள் டோலக் தங்கவேலுவிடம் பாடிக் காட்டுவேன். முருங்கை முடிந்ததும் அவர் டோலக்கை எடுத்து ஓரமாக வைத்தார்.

"மாஸ்டர், மறியல்காரங்க ரோட்டு மரத்தோட உட்டானுங்க. நீங்க தோட்டத்துல இருக்கறதயும் ஒண்ணு உடாம சாய்ச்சிடுவீங்க போல இருக்குதே!"

வெள்ளிமலையில் சால்வை

கடைசியில் வெள்ளிமலையில் ஒரு பகல் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் 'புளியமரக் கவிஞரே வருக' என்று துணி கட்டியிருந்தது. எனக்கு நடு நாற்காலி. கீழே ஏழுமலை, மலையேறிச் சூடாகிப்போன வேனின் வாயைத் திறந்து வைத்துக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கூட்டம் மொத்தமும் எழுந்து புளியமரப் பாட்டைப் பாடியது. சாமை விளைகிற மலையில் அத்தனை குரல்! ஏழுமலையைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவனும் உதட்டை அசைத்தான். தன் பாட்டையே யாரோ எழுதியது மாதிரி, கூட்டத்தில் ஒருத்தனாக நின்று பாடினான். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

மைக்கைப் பிடுங்கினேன். "இந்தப் பாட்டை நான் எழுதல. அதோ நிக்கிறானே, எங்க டிரைவர் ஏழுமலை, அவன் எழுதினது. அட்டையில என் பேரப் போட்டுக்கினது பொய். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். செருப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். கைதட்டல் வந்தது! விழாத் தலைவர் குரல் தழுதழுக்க மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா சனங்களே? தன்னோட பாட்ட ஒரு டிரைவருக்குத் தூக்கிக் குடுக்கறாரு. இந்த அடக்கம் யாருக்குங்க வரும்?" என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினார். என்னைப் பெற்ற தாய்மேல் சத்தியம் செய்தேன். கைதட்டல் கூடியது. ஏழுமலையை இழுத்து வந்து சால்வையை அவன் தோளில் போட்டேன். அவ்வளவுதான், விசில் பறந்தது, அதுவும் எனக்குத்தான்.

வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தோம். சால்வை மடித்தபடி எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. "உண்மையச் சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கிறான்டா. ஒரு வார்த்த, நான்தான் எழுதினேன்னு நீ சொல்லியிருக்கக் கூடாதா? போவட்டும், நாளைக்கே சேலத்துக்குப் போறேன், அட்டையில உன் பேர மாத்தச் சொல்றேன்" என்றேன். அழுதும்விட்டேன், மறைப்பானேன். ஏழுமலை நீளமாக ஒரு ஹாரன் அடித்து வளைவைத் திருப்பினான். அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மேடையில சொன்னீங்களே, அது போதும்ண்ணே. பேர நீங்களே வெச்சிக்குங்க. நான் எழுதினதுன்னு தெரிஞ்சா இன்னொண்ணு எழுதுடான்னு வந்து நிப்பானுங்க. அந்த அவஸ்தைய நீங்களே படுங்க."

எழுதாத பாட்டுக்குச் சால்வை வாங்கிய குற்றத்துக்கு, அந்த இன்னொன்றை எழுதித் தீர்க்கிற தண்டனையை இன்று காலை வரைக்கும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.