மெத்தை வண்டி

ஹியாமின் கை சீமைச் சுரைக்காயைக் குடைந்துகொண்டிருந்தது. நீளக் கத்தியை உள்ளே விட்டு ஒரு திருகு. சதை வெளியே வரும். தோல் கிழியக் கூடாது, அரிசியும் இறைச்சியும் உள்ளே போக வேண்டும். மேசைக்கு எதிர்ப்பக்கம் வஜ்தி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதுக்காரன், மூன்று நண்பர்களோடு கணினி விளையாட்டுகள் செய்கிறவன். இப்போது செய்வது லெபனானின் உள்நாட்டுப் போரைப் பற்றியது. சுடுகிற விளையாட்டு இல்லை. பெய்ரூத்தில் ஒரு தெரு, நாற்பது வீடு, வருடம் எழுபத்தைந்து. ஆடுகிறவர் அந்தத் தெருவுக்குச் சண்டை வராமல் காக்க வேண்டும். ஹியாம் அப்படியொரு தெருவில் பிறந்தவள், முப்பது வருடம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். வீட்டுக்கு வீடு ஆட்களை அட்டையில் எழுதித் தருவது அவள் வேலை.

"மிஸ், வெறுப்பு எவ்வளவு போடட்டும்? எழுபது?"

"யாருக்கு யார் மேல?"

"எதிர் வரிசைக்கு உங்க வரிசை மேல."

"பூஜ்யம் போடு."

"பூஜ்யம் போட்டா சண்டையே வராது. அப்புறம் எவன் விளையாடுவான்?"

"எங்க வீட்டுல கேஸ் தீர்ந்தா அவங்க அடுப்புலதான் சோறு வெந்துச்சு. எழுபது வெறுப்புல வேகுமா? வேற காரணம் தேடு."

"தேட வேண்டியது நீங்க. ஹிக்மத் அட்டை ரெண்டு மாசமா காலியா கெடக்கு."

முள் அங்கேதான் இருந்தது. ஹிக்மத் எதிர்வீட்டுப் பையன். முஸ்லிம் வீடு, ஹியாமுடையது கிறிஸ்தவ வீடு. அவனும் ஹியாமின் அண்ணன் தனூஸும் பாதிப் பாதி போட்டு ஒரு மோட்டார்சைக்கிள் வாங்கியவர்கள். அந்த ஏப்ரலில் நகரம் பற்றி எரிந்தபோதும் தெரு அசையவில்லை. தீ அடங்கிப் பள்ளிகளும் திறந்துவிட்டன. மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹிக்மத் துப்பாக்கியோடு தெருமுனையில் வந்து நின்றான். அதைப் பார்த்து ஹியாமின் வரிசையில் மணல் மூட்டை அடுக்கினார்கள். மூன்றாம் நாள் சண்டையில் தனூஸ் செத்தான். அடுத்த வாரம் ஹிக்மத். அன்றைக்கு அவன் ஏன் துப்பாக்கி எடுத்தான் என்று யாருக்கும் தெரியாது. "நம்ம வீட்டு உப்பைத் தின்னுட்டு" என்று ஆரம்பிக்கும் அம்மா, சாகும்வரை அந்தப் பேச்சை முடித்ததில்லை.

அன்று மதியம், சமைத்ததில் நாலைந்தை டப்பாவில் போட்டுக்கொண்டு ஹியாம் முதியோர் இல்லத்துக்குப் போனாள். ஹிக்மத்தின் அம்மா அஃபாஃப், பிள்ளை பெயரால் தெருவுக்கே 'உம்மு ஹிக்மத்', அங்கே இருக்கிறாள் என்று, அங்கே நர்ஸாக இருக்கும் பழைய மாணவி சொல்லி ஒரு வருடமாகியிருந்தது. ஐம்பது வருடத்தில் அவளைப் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை.

அஃபாஃபுக்கு எண்பத்தொன்பது. வலது பக்கம் விழுந்துவிட்டது, புத்தி விழவில்லை. கட்டிலில் சரிந்து கிடந்தவளை ஹியாம் தூக்கி உட்கார வைத்து, முட்டுக்கொடுத்து, சின்னச் சின்ன வாயாக ஊட்டினாள்.

"உப்பு கம்மி. உங்கம்மா கை இல்ல."

"அம்மா போய் ஆறு வருஷமாச்சு, உம்மு ஹிக்மத்."

"தெரியும். நான் வரல. என் பிள்ளைக்கு நீங்களும் வரல."

ஹியாம் சுற்றி வளைக்கவில்லை. "ஹிக்மத் அன்னைக்கு ஏன் துப்பாக்கி எடுத்தான்?"

அஃபாஃப் மென்று விழுங்கினாள். "நீங்க ஓடுனீங்க. அதான்."

"எங்க ஓடுனோம்? தனூஸைப் புதைச்சப்புறம்தானே அம்மா தெருவ விட்டாங்க."

"அன்னைக்குக் காலையில உங்க மாமா வண்டியில நாலு மெத்தை ஏத்தல?"

"அது உள்ள இருக்குற கம்பளிய அடிக்கப் போச்சு. வருஷா வருஷம் மலைக்குப் போய், ஊத்துத் தண்ணியில அலசி, அடிச்சு, திருப்பித் தைச்சு வரும். உங்களுதும்தானே போகும்?"

"மெத்தை மட்டும் போயிருந்தா நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். மேல நீ உட்காந்திருந்த. பள்ளிக்கூட நாள். சீருடையோட. மெத்தையையும் பிள்ளையையும் சேத்து அனுப்புனா என்ன அர்த்தம்? 'அவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, நம்ம மேல விழப் போறாங்க'ன்னான் ஹிக்மத். ஆமாடான்னேன். அவங்கப்பா துப்பாக்கிய பரண்லேர்ந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

ஹியாம் கரண்டியை டப்பாவில் வைத்தாள். ஊற்றில் கால் நனைக்க வேண்டுமென்று அன்று காலை அடம்பிடித்து அழுதவள் அவள்தான். பதினோரு வயது. பள்ளிக்குப் போடி என்று அம்மா அதட்டினாள். "ஒரு நாள்தானேம்மா, போகட்டும்" என்று சொல்லி, அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி மெத்தைமேல் வைத்தவன் தனூஸ்.

"நாங்க ஓடல, உம்மு ஹிக்மத். நான் அழுதேன், அதனால ஏத்துனாங்க."

"கம்பளிக்குத்தானா?"

"கம்பளிக்குத்தான்."

அஃபாஃப் இன்னொரு தடவையும் அதையே கேட்டாள். ஹியாம் அதே பதிலைச் சொன்னாள். அடுத்த வாயை அஃபாஃப் இடது கையால் தள்ளிவிட்டாள். ஹியாம் அவள் உதட்டைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, போர்வையை இழுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை வஜ்தியின் அலுவலகத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெறுப்பைப் பூஜ்யமாக்கச் சொன்னாள். மே மாதத்தில் மெத்தை வண்டி போனால் தெரு கண்டுகொள்ளாது. பள்ளி நாளில் மேலே ஒரு குழந்தையும் இருந்தால் எதிர் வரிசைக்குப் பயம் ஏறும். அப்படி எழுதி விளையாட்டை நூறு தடவை ஓட்டினார்கள். தொண்ணூற்று மூன்றில் சண்டை வந்தது.

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி ஓட்டினார்கள். அப்போதும் ஐம்பத்திரண்டில் வந்தது. வேறு எதையோ பார்த்து வேறு யாரோ பயந்தார்கள். மீதி நாற்பத்தெட்டில் டிசம்பர் வரை இரண்டு பையன்களும் ஒரே மோட்டார்சைக்கிளில் தெருவைச் சுற்றினார்கள். ஹியாம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்க நல்லா இருக்கு மிஸ். அந்தப் பொண்ண பள்ளிக்கூடத்துலயே விட்டுடலாமா?"

"வேண்டாம். நடந்தது அது இல்ல."

ஹிக்மத்தின் அட்டையில் 'பயந்தான்' என்று எழுதினாள். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, சிறுமியைச் சீருடையோடு திரும்பவும் மெத்தைமேல் ஏற்றி வைத்தாள்.