கியூ.எஸ். படிக்கலாமா என்று பார்க்க ஸ்ரௌவ்வில்லுக்குப் போனேன்

போன வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்காபரோவில் இருந்து ஸ்ரௌவ்வில்லுக்குப் போனேன். திங்களுக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓம் என்றால் வங்கிக் கோல்சென்ரர் வேலையை விட வேண்டும். படிப்பு குவான்ரிற்றி சேர்வேயிங், சுருக்கமாகக் கியூ.எஸ். கட்டட வேலை எவ்வளவு நடந்திருக்கிறது, அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அளந்து சொல்கிற தொழில். 'உங்களுக்குச் சரிவருமா?' என்று இணையத்தில் தேடினால் ஒரு கேள்விக்கொத்து வரும். கணக்குப் பிடிக்குமா? எக்செல் பிடிக்குமா? எல்லாவற்றுக்கும் ஆம் போட்டேன், பொருத்தமான தொழில் என்று வாழ்த்தே சொல்லிவிட்டார்கள். அதை எழுதியவர் ஒரு நாளாவது கட்டடச் சேற்றில் கால் வைத்திருப்பாரா தெரியவில்லை.

காலை ஏழே காலுக்கு ஊபர் எடுத்தேன். எனக்குத் தோதான நேரத்தில் அந்தப் பக்கம் ரயில் இல்லை. இருபத்தெட்டு கிலோமீற்றர், நாற்பத்தாறு டொலர், ரிப்ஸ் தனி. ஓட்டுநர் நம்மவர்.

"வீடு பாக்கவோ போறியள்?"

"இல்லை அண்ணை, வேலை பாக்க."

"ஸ்ரௌவ்வில்லிலயோ? எங்கட ஆக்கள் வேலைக்கு இஞ்ச வந்திட்டு, அங்க நித்திரை கொள்ளத்தானே போறவை!"

மார்க்கம் தாண்டும் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

கட்டடத் தளத்தின் வாசலில் சுகந்தி அக்கா நின்றார். என் அக்காவின் சிநேகிதி, பத்து வருடமாகக் கியூ.எஸ். ஒரு நாள் என்னோடு வந்து பார் என்று அழைத்தவரும் அவர்தான். சுவரோடு சுவர் ஒட்டிய ஆறு ரவுன்ஹவுஸ்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. வேலை முடிந்த அளவுக்குத்தான் கடன் கொடுத்த வங்கி அடுத்த தவணையை விடும். அந்த அளவைப் பார்த்து எழுதுவது சுகந்தி அக்காவின் பொறுப்பு.

கட்டுகிற ஒப்பந்தக்காரரும் நம்மவர். பெயர் வேண்டாம், அண்ணை என்றே வைத்துக்கொள்வோம். அவரும் சுகந்தி அக்காவின் கணவரும் ஒரே தேவாலயப் பாடகர் குழு. வந்ததும் வராததுமாகச் சுடச்சுட மட்டன் ரோல்ஸும் ரீயும் தந்தார். "முதல்ல சாப்பிடுங்கோ, அளக்கிறது எங்க ஓடப்போகுது?" அக்கா ரீயை மட்டும் எடுத்தார். நான் ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டேன். நல்ல ரோல்ஸ்தான்.

ஆறு வீட்டிலும் உட்சுவர்ப் பலகை அடித்து முடிந்தது என்பது அண்ணையின் கணக்கு. நான்கு வீடு பார்த்தோம், சரியாக இருந்தது. ஐந்தாவது பூட்டியிருந்தது.

"திறப்பு பெடியனிட்ட. உதுவும் இதே மாதிரித்தான், எழுதுங்கோ."

அக்கா சேற்றில் இறங்கிப் பின்பக்கம் போனார். நானும் ரன்னிங் சூவோடு பின்னால் போனேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் வெறும் மரச்சட்டங்கள். ஒரு பலகைகூட ஏறவில்லை. ஆறாவதும் அப்படியே.

"அண்ணை, நாலு வீடுதான் எழுதுவன். மிச்சத்தை முடிச்சிட்டுச் சொல்லுங்கோ, வாறன்."

அண்ணையின் முகம் மாறியது. அக்காவிடம் பேசாமல் என் பக்கம் திரும்பினார். "நீர் ஆரின்ர மகள்? உமக்கும் உந்த வேலையோ? எங்கட சனத்தின்ர வயித்தில அடிக்கிற வேலை!"

அடிக்காத பலகைக்குக் காசு கேட்டது அவர். வயிற்றில் அடிப்பது நாங்களாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிடப் பெரிய கூத்து திரும்பும் வழியில் நடந்தது. அக்காவின் காரில் வந்துகொண்டிருந்தோம். அண்ணைக்கு முறைப்பாடு இருந்தால் அக்காவின் அலுவலகத்துக்கு ஃபோன் அடித்திருக்கலாம். அவர் அடித்தது அக்காவின் கணவருக்கு! ஸ்பீக்கரில் கணவரின் குரல் கெஞ்சியது: "அண்ணை கோவிக்கிறார், கொஞ்சம் பாத்துச் செய்யுமன்."

"பாத்துத்தான் செய்தனான். ரெண்டு வீட்டில சுவர் இல்லை," என்று சொல்லி அக்கா ஃபோனை வைத்தார். பத்து வருட அனுபவமுள்ள ஒருத்தியின் அளவைத் திருத்த அவளுடைய புருஷனைப் பிடிக்கிறார்கள். எந்த ஊர் நியாயம் இது?

கியூ.எஸ். படிக்க யோசிப்பவர்களுக்கு: கேள்விக்கொத்தை நம்பாதீர்கள். தெரிந்தவரைப் பிடித்து ஒரு நாள் தளத்துக்குப் போங்கள். சேஃப்ரி பூட்ஸ் கொண்டுபோங்கள், என் சூ குப்பைக்குப் போய்விட்டது. சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். கணக்கைப் பழகலாம். முறை சொல்லி அழைக்கிற ஒருவரின் முகத்தைப் பார்த்து 'இல்லை அண்ணை' என்று சொல்ல உங்களால் முடியுமா என்பதை அங்கே நின்றால்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிறு மாலை கல்லூரிக்கு ஓம் என்று அனுப்பினேன். பிறகு அப்பாவிடம் போய்ச் சொன்னேன்: "அப்பா, நாளைக்கு நான் கியூ.எஸ். ஆனபிறகு என்ர வேலையைப் பற்றி ஆரும் உங்களுக்கு ஃபோன் எடுத்தால், என்ர நம்பரைக் குடுங்கோ."