இன்டர்நெட்டுக்கு முறை வைத்த ஹெர்பர்ட்

அலுவிகாரையில் எங்கள் லேனில் இருந்த பதினான்கு வீடுகளில் பதினொன்றுக்கு 2008ஆம் ஆண்டு இன்டர்நெட் வந்துவிட்டது. வந்துவிட்டது என்று கம்பனி சொன்னது. காலையில் வரும், பகலிலும் ஒருமாதிரி வரும், மாலை ஆறு மணி தாண்டினால் வராது. நாங்கள் அதைத் தலைவிதி என்று எடுத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டு ஹெர்பர்ட் அண்ணன் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபமும் உண்டு. அந்த வருடம் நான் என் ஹார்ட்வெயார் கடைக்காக அலைந்ததைவிட அவருடைய ரவுட்டருக்காக அலைந்ததுதான் அதிகம்.

அவர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். முப்பத்தொரு வருடம் அங்கேயே தண்ணீர்க் குழாய் வேலை. மலையுச்சியில் ஒரு தொட்டி, அதிலிருந்து ஒரே குழாய், அதை நம்பி ஆறு லயங்கள், வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். விடியற்காலை வேலைக்குப் புறப்படும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாகத் திறந்தால் மேல்லயத்துக்குக் காற்று மட்டும்தான் வரும். குடம் பறக்கும், மண்டை உடையும். அதற்கு அண்ணன் கண்ட வைத்தியம்தான் முறை. ஒரு லயத்துக்கு அரை மணி நேரம், முறை மாறும்போது தண்டவாளத் துண்டில் ஓர் அடி. ஓய்வு பெற்று வந்தபோது ஸ்பேனரையும் முறை எழுதிவந்த தண்ணீர்க் கொப்பியையும் அந்தத் தண்டவாளத் துண்டையும் கையோடு கொண்டுவந்தார். இரும்பை எதற்குச் சுமந்துகொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். தோட்டத்தில் மோட்டர் போட்டுவிட்டார்கள், பாவம் அதற்கு அங்கே வேலையில்லை என்றார்.

அவருக்கும் திரேசம்மா அக்காவுக்கும் ஒரே மகள், தெரேசா. இத்தாலியில் நடக்கமுடியாத ஒரு பாட்டியைப் பராமரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிநேகிதியின் அறைக்கு வந்து, எங்கள் நேரத்துக்கு மாலை ஏழரைக்கு, வீடியோவில் வருவாள். ஓகஸ்ட் மாதம் ஏணியிலிருந்து விழுந்தாள். காலில் சின்னச் சுளுக்கு என்று சொன்னாள். அதை எல்லோரும் நம்பினோம். ஒக்டோபரில், தெரேசாவைப் போலவே இத்தாலியில் வேலை செய்யும் யட்டவத்த ஊர் மரியாயி லீவில் வந்தாள். கேக் சாப்பிட்டுக்கொண்டே, தெரேசா இப்போது பரவாயில்லை, நடக்கிறாள் என்றாள். திரேசம்மா அக்காவின் கையிலிருந்த தேத்தண்ணி அப்படியே நின்றது.

"இப்ப நடக்கிறான்னா, அப்ப நடக்கலயா?"

மரியாயி கேக்கை விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே வேண்டுதல்தான். மகள் எழுந்து நாலடி நடப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பணம் வேண்டாம், பார்சல் வேண்டாம். அடுத்த ஞாயிறு தெரேசா கதிரையிலிருந்து பாதி எழுந்தாள், படம் பெட்டி பெட்டியாக உடைந்து நின்றது. திரும்பி வந்தபோது உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். தலையும் தோளும் வந்தன, கால் வரவேயில்லை. திரேசம்மா அக்கா மெழுகுதிரி ஏற்றினார். ஹெர்பர்ட் அண்ணன் ஸ்பேனரை எடுத்தார்.

முதலில் கம்பனிக்குப் போன் பண்ணினார். அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். ஒரே வாரத்தில் நாற்பத்தொரு தடவை அணைத்துப் போட்டு, ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினார். பிறகு அவர் வழியிலேயே இறங்கினார். ஒரு நேரத்தில் ஓர் இணைப்பைத்தான் கழற்ற வேண்டும் என்பது அவருடைய வேதம். டெலிபோனைக் கழற்றிப் பார்த்தார், வயரை மாற்றிப் பார்த்தார். ரவுட்டரை ஷொப்பிங் பேக்கில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். அன்று எங்கள் வீட்டில் விருந்தாளிகள். என் மனைவி ஸரீனா மரியாதைக்கு ரவுட்டருக்குப் பக்கத்திலும் ஒரு தட்டு வட்டிலப்பம் வைத்தாள். பத்து நாளாக, மணிக்கொரு தடவை, வேகத்தை அளந்து தண்ணீர்க் கொப்பியில் ஏற்றினார். காலை ஐந்து மணிக்கு 480 கிலோபிட். பகலில் 300. மாலை ஏழரைக்கு 22. என் வீட்டிலும் அதே 22.

கம்பனியிலிருந்து வந்த பையன் லைனில் பிழையில்லை என்று சொன்னான். அண்ணன் கொப்பியை நீட்டினார். அவன் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். சந்தியில் இருக்கிற பெட்டியிலிருந்துதான் இந்தப் பக்கம் எல்லாருக்கும் போகிறது, பெட்டியிலிருந்து வெளியே போகிற வழி சிறியது, மாலையில் எல்லாரும் ஒன்றாகப் பாவிக்கிறார்கள், கம்பனி அடுத்த வருடம் பெரிதாக்கும் என்றான். அண்ணனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"ஓட்டையில்ல நானா, அடைப்புமில்ல," என்றார் என்னிடம். முஸ்லிம் என்பதால் நான் அவருக்கு நானா. "எல்லாரும் ஒண்ணா தொறக்கிறாங்க. இது நம்ம மேல்லயத்து வியாதி."

வியாதி தெரிந்தால் மருந்தும் தெரியும்தானே. அடுத்த நாள் அவருடைய கேட்டருகே நின்ற பலாமரத்தில் தண்டவாளத் துண்டு தொங்கியது. மரத்திலேயே ஒரு கடதாசியும் ஒட்டியிருந்தது. வீட்டு இலக்கம், திறக்கும் நேரம், மூடும் நேரம். ஆறிலிருந்து ஒன்பது வரை, அரை மணிக்கு இரண்டு வீடு. ஞாயிறு ஏழரைக்கு மட்டும் அவர் வீடு தனி. வீடு வீடாகப் போய்க் காரணத்தைச் சொன்னார். ஒரு தாய் மகளின் காலைப் பார்க்க வேண்டும் என்றால் யார் மறுப்பார்கள்? எல்லோரும் தலையாட்டினோம். அரை மணிக்கொரு தடவை டங்கென்று சத்தம் வரும். கட்டாரில் இருக்கும் மச்சானிடம் பேசிக்கொண்டிருந்த நான் பாதி சலாத்தோடு வயரைப் பிடுங்குவேன். மச்சானுக்கு இன்றுவரை வருத்தம்.

கடைசி வீட்டுச் சிறில் களவாகப் படம் இறக்கினான். அண்ணன் வேலிக்கு வெளியே நின்று, ஜன்னல் வழியாக ரவுட்டரின் பச்சை லைட் சிமிட்டுவதைக் கண்டுபிடித்தார். தோட்டத்தில் தண்ணீர்க் களவுக்கு ஒரு நாள் குடத்தைப் பறிப்பார்கள். இங்கே சிறிலின் வயரைப் பறித்துக்கொண்டு போனார். சிறிலும் பேசாமல் கொடுத்தான். பைத்தியம் என்று லேன் முழுவதும் சிரித்தாலும் இரும்பு அடித்தவுடன் எல்லோருமே மூடினோம். ஏழரை மணி வேகம் 22இலிருந்து 90ஆக ஏறியது. ஆனால் மகளின் காலைப் பார்க்க 90 போதவில்லை. இன்னும் எங்கேயோ ஒரு பெரிய குழாய் திறந்திருக்கிறது என்று அண்ணன் புலம்பினார்.

இதெல்லாம் எந்தக் காலத்தில் என்று மறந்துவிடக் கூடாது. வடக்கில் சண்டை உச்சத்தில். எங்கள் பக்கமும் வாரத்துக்கொரு தேடுதல். நவம்பரில் ஒரு காலை வந்த பொலிஸ்காரர்கள் பலாமரத்தின் முன்னால் நின்றுவிட்டார்கள். ஒரு தமிழனின் கேட்டில் வீட்டு இலக்கங்கள், நேரங்கள், திற, மூடு, பக்கத்தில் அடிப்பதற்கு இரும்பு. யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள்? நானே நினைத்திருப்பேன். அண்ணனைக் கடதாசியோடும் தண்ணீர்க் கொப்பியோடும் தண்டவாளத்தோடும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த நாட்களில் உள்ளே போன எல்லோரும் வெளியே வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் போனேன். பொலிஸ் வாசலில் என்னையும் பிடித்து உட்கார வைத்தார்கள்.

ஞாயிறு ஏழரைக்கு என்ன திறக்கப் போகிறது என்பதுதான் சார்ஜனின் கேள்வி. இன்டர்நெட் என்றார் அண்ணன் சிங்களத்தில். சார்ஜன் நம்பவில்லை. அண்ணன் மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, தொட்டி, லயம், குழாய் என்று தொடங்கினார். நான் கலிமா ஓதிக்கொண்டிருந்தேன். கொப்பியைப் புரட்டிய சார்ஜன் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, மாலையில் 22 என்பது நிஜமா என்று கேட்டார். நிஜம் மாத்தயா என்றார் அண்ணன். சார்ஜன் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார். சந்திக்கு மேலே இருக்கும் பொலிஸ் குவாட்டர்ஸில் தனக்கும் அதே 22தான், மூன்று மாதமாகக் கம்பனிக்காரன் அணைத்துப் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றார். குவாட்டர்ஸில் எத்தனை வீடு என்று அண்ணன் கேட்டார். கைதி கேட்கிறார், சார்ஜன் பதில் சொல்கிறார். பதினெட்டு என்றார். பெரிய குழாய் எங்கே திறந்திருந்தது என்று எங்கள் இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது.

நாலு மணிக்கு எங்களை ஜீப்பிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். தண்டவாளமும் கொப்பியும் திரும்பி வந்தன. கடதாசிக்குச் சிங்களத்தில் ஒரு பிரதி வந்தது, அதில் ரப்பர் ஸ்டாம்பும் குத்தியிருந்தது. ஞாயிறு எட்டு மணி முறை குவாட்டர்ஸுக்கும் எனக்கும். அதுவரை குவாட்டர்ஸில் யாரும் திறக்க மாட்டார்கள் என்று சார்ஜன் பொறுப்பேற்றார். எங்கள் இரும்புச் சத்தம் அங்கே கேட்காது என்பதால் முறை பிந்தினால் கேட்க அண்ணனின் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார். அண்ணன் உள்ளே போய், அதற்குப் பிறகுதான் வாந்தி எடுத்தார்.

அந்த ஞாயிறு என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஏழு இருபத்தெட்டுக்கு இரும்பு அடித்தார். லேன் மூடியது, குவாட்டர்ஸ் மூடியது. அளந்தார். 480. மாலை ஏழரைக்கு 480! விரலால் தொட்டுத் தொட்டு எனக்குக் காட்டினார். தெரேசா திரையில் வந்தாள். மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிந்தது. பின்னால் வெள்ளைச் சுவர், அதில் ஒரு வட்ட மணிக்கூடு, பக்கத்தில் கதவு. சுகம் விசாரித்தார்கள். ஒரு சொல்லும் தடக்கவில்லை. திரேசம்மா அக்கா சீலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே, எழும்பி அந்தக் கதவு வரைக்கும் போய்விட்டு வா மகள் என்றார்.

தெரேசா வாயைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். வாய் பாதி திறந்தபடி, ஒரு கை உயர்ந்தபடி. சத்தமும் இல்லை.

அண்ணன் பாய்ந்து ரவுட்டரைப் பார்த்தார். நாலு லைட்டும் பச்சை. மறுபடி அளந்தார், அதே 480. வயரைத் தடவினார். நான் கெட்ட வார்த்தையால் சிறிலைத் திட்டினேன், அவன்தான் திறந்திருப்பான் என்று. படம் உடையவில்லை, பெட்டி பெட்டியாகவில்லை, கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அப்போதுதான் நான் கண்டேன். அவளுக்குப் பின்னால் சுவர் மணிக்கூட்டில் சிவப்பு வினாடி முள் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணனும் கண்டுவிட்டார். அவர் கை வயரிலேயே இருந்தது. என்னைப் பார்த்து, பேசாதே என்பதுபோல் தலையை அசைத்தார். பிறகு அக்காவிடம், லைன் மறுபடி நின்றுபோச்சு, கம்பனிக்காரன் சரியில்லை, அடுத்த கிழமை பார்ப்போம் என்றார். முப்பத்தொரு வருடத்தில் அந்த மனிதர் ஓடுகிற குழாயை அடைப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

திரேசம்மா அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"மூச்ச விடு, மகள்," என்றார். "எவ்வளவு நேரந்தான் அடக்குவ. விட்டுரு."

உயர்ந்திருந்த கை மெதுவாக மடியில் விழுந்தது. தெரேசா அழவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தோள் குலுங்கியது. இரண்டு இடத்தில் எலும்பு உடைந்தது, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள், சொன்னால் வேலையை விட்டுத் திரும்பி வா என்பீங்க என்று பயந்தேன் அம்மா என்றாள். கதிரையைப் பிடித்து எழுந்தாள். கதவு வரைக்கும் நடந்தாள், சுவரில் ஒரு கையை ஊன்றி, வலது காலை வெளிப்பக்கமாக வீசி. இவ்வளவு நாளில் எத்தனை தடவை லைன் நின்றது, எத்தனை தடவை அவள் நின்றாள் என்று அந்தத் தண்ணீர்க் கொப்பியை வைத்து யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

"நான் குழாயவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன் நானா," என்றார் அண்ணன்.

அக்கா, இன்னொரு தரம் நட என்றார். தெரேசா நடந்தாள். இன்னொரு தரம் என்றார்.

எட்டு மணியாகிவிட்டது. அண்ணன் எழும்பவில்லை. நான் வெளியே போய் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தேன். என் முறைதான், கட்டாரில் மச்சான் காத்திருப்பான். உள்ளே இன்னொரு தரம் என்ற சத்தம் கேட்டது. கம்பியை மரத்தில் சாய்த்துவிட்டு, எதிர்வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டவர்களுக்கு இன்னும் திறக்க வேண்டாம் என்று கை காட்டினேன். எட்டேகாலுக்கு உள்ளே போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். சார்ஜன். எட்டு மணி தாண்டிவிட்டதே, தங்கள் முறை என்னவாயிற்று என்று சிங்களத்தில் கேட்டார்.

மேல்லயத்துக்கு இப்போதுதான் தண்ணீர் வந்திருக்கிறது மாத்தயா, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். போத்தலை வைத்து அண்ணன் சொன்ன கதை அவருக்கும் தெரியும். சரி என்று வைத்தார். அன்று எட்டு மணி இரும்பை எட்டே முக்காலுக்குத்தான் அடித்தேன்.