பத்தாம் நம்பர் செருப்பு

வாசலில் கிடக்கும் செருப்புகளோடு நான் போட்ட சண்டையை என் மாமியாரோடுகூடப் போட்டதில்லை. அடையாற்றில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி எங்கள் வீடு. கதவுக்கு வெளியே நாலு தட்டு வைத்த இரும்பு ஸ்டாண்டு ஒன்று. மேல் தட்டு எனக்கு, நடுவில் இருக்கும் இரண்டும் மகனுக்கு, கீழ்த் தட்டு என் கணவருக்கு. இது நான் போட்ட சட்டம். ஒருத்தரும் மதித்ததில்லை.

கதவுக்கு உள்பக்கச் சுவரில் ஹெல்மெட்டுக்கு ஓர் ஆணி, குடைக்கு ஓர் ஆணி, மழைக்கோட்டுக்கு ஓர் ஆணி என்று வரிசையாக நானே அடித்து வைத்தேன். ஹெல்மெட் என்னவோ சோபாவில்தான் உட்கார்ந்திருக்கும். மழைக்கோட்டு சொட்டச் சொட்டச் சாப்பாட்டு நாற்காலியில் தொங்கும். அவர் செருப்பு ஒன்று ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம் கிடக்கும், இன்னொன்று எதிர் வீட்டுக் கதவைப் பார்த்துக் குப்புறக் கிடக்கும். நான் கத்துவேன். அவர் அசைய மாட்டார்.

"ஏ, செருப்பு என்ன பறந்தா போயிரப் போவுது?" என்பார். சென்னைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் திருநெல்வேலிப் பேச்சு அவரை விடவில்லை.

அவருக்கு தி.நகரில் துணிக்கடை. பட்டுப்புடவை விரிக்கிற வெள்ளை மெத்தையில் செருப்புக்காலை வைக்க முடியாது, அதனால் நாள் முழுக்க வெறுங்கால்தான். ஒரு தோல் செருப்பு வாங்கினால் ஐந்தாறு வருஷம் அப்படியே இருக்கும். பத்தாம் நம்பர் செருப்பு. ஆள் என்னவோ என் காது உயரம்தான். காலைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

அந்த மெத்தையிலேயேதான் ஒருநாள் சாய்ந்துவிட்டார். ஒரு கல்யாணப் பார்ட்டிக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாராம். ஆம்புலன்ஸில் வெறுங்காலோடு போனவர் வெறுங்காலோடேயே வீட்டுக்கு வந்தார். செருப்பு இரண்டு நாள் கழித்து வந்தது. கடைப் பையன் ஒருவன் எங்கள் கடைப் பையிலேயே போட்டு, புடவை வாங்கியவர்களுக்குக் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

பதினாறாம் நாள் காரியத்தில் குடையும் செருப்பும் தானம் கொடுத்தார்கள். போகிற வழியில் கால் சுடுமாம். யாரோ வாங்கி வந்திருந்த புதுச் செருப்பைப் பார்த்தேன், எட்டாம் நம்பர். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அவர் காலுக்கு இது எப்படிப் போதும்? பாதிக் கால் வெளியே நிக்குமே, அது சுடாதா?" என்று சபையில் சத்தம் போட்டேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் அது காரியம் செய்ய வந்தவர் காலுக்குக் கச்சிதமாக இருந்தது. அவரும் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் போனார்கள். மகனும் டொரான்டோவுக்குத் திரும்பினான். அங்கே அவன் வீட்டு வாசலுக்குள் நுழைந்ததுமே கோட்டு மாட்ட ஓர் அலமாரி, பூட்ஸ் கழற்ற ஒரு கால்மிதி. வீடியோவில் காட்டுவான். இங்கே ஒரு செருப்பை நேராக விடத் தெரியாதவன், அங்கே பனிக்குப் பயந்து எல்லாவற்றையும் அடுக்கி வைக்கிறான்.

பாலவாக்கத்தில் இருக்கும் என் நாத்தனார்தான் கடைசியாகக் கிளம்பினாள். கிளம்பும்போது கடைப் பையிலிருந்து அந்தச் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.

"மதினி, நான் சொல்லுததைக் கேளுங்க. ஒத்தப் பொம்பள இருக்க வீடுன்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. ஆம்பள செருப்பு ஒரு ஜோடி வாசல்ல கெடக்கட்டும். எங்க அண்ணன் காலு பெருசு. பாக்கவன் பயப்படுவான்."

எனக்கும் பயம்தான். கூரியர்காரன், தண்ணீர் கேன் போடுகிறவன், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவன், குழாய் ரிப்பேர் என்று யார் யாரோ மாடி ஏறி வருகிறார்கள். "சார் இல்லீங்களா?" என்று ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்த அன்றைக்கு, மீதிச் சில்லறைகூட வாங்காமல் கதவைச் சாத்தினேன். செருப்பு கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

சும்மா போட்டுவைத்தால் போதாது என்பது கொஞ்ச நாளில் புரிந்தது. ஒரே இடத்தில் கிடந்து அதன்மேல் தூசி படிந்தது. யாரும் போடாத செருப்பு என்று பார்த்த உடனே தெரியும். அதனால் தினமும் காலையில் துடைத்து, இடம் மாற்றிப் போட ஆரம்பித்தேன். ஒருநாள் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம். ஒன்று நிமிர்ந்து, ஒன்று குப்புற. முப்பது வருஷம் எதற்காகத் தொண்டை வறளக் கத்தினேனோ, அதே அலங்கோலத்தை இப்போது நானே குனிந்து குனிந்து செய்தேன். மழை நாளில் மற்ற வீட்டுச் செருப்பெல்லாம் சேறும் ஈரமுமாகக் கிடக்கும்போது இது மட்டும் காய்ந்து கிடந்தால் நன்றாகவா இருக்கும்? ஒரு மக் தண்ணீரை அதன் தலையில் ஊற்றுவேன். நல்ல தோல், பாழாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

சாயங்காலம் செருப்பை உள்ளே எடுத்து வைத்துக்கொள்வேன், அவர் நடக்கப் போயிருக்கிறார் என்று கணக்கு. விளக்கு வைத்த பிறகு மறுபடி வெளியே போடுவேன். போட்டுவிட்டுக் கதவைச் சாத்தும்போது, அப்பாடா, வந்துவிட்டார் என்று இருக்கும். இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். இருந்தால் இருந்துவிட்டுப் போகிறேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நாள் முழுக்கக் காத்திருந்தேன்.

எதிர் வீட்டுக்கு ஓர் இளம் தம்பதி வாடகைக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பெண் ஒருநாள் மாடிப்படியில் கேட்டாள்.

"அங்கிளைப் பாக்கவே முடியறதில்லையே ஆண்ட்டி? வெளியூரா?"

"இல்லம்மா, உள்ளதான் இருக்கார். முட்டி வலி. அதிகம் வெளிய வர்றதில்ல."

எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. நான் பொட்டையும் எடுக்கவில்லை, அதனால் அவளுக்குச் சந்தேகம் வரக் காரணமில்லை. கீழ் வீட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் அவர்கள் யாரும் மேலே ஏறி வருகிறவர்கள் இல்லை. அதன் பிறகு அவள் பலகாரம் செய்தால் "அங்கிளுக்கும் சேத்து" என்று இரண்டு பேருக்குக் கொடுப்பாள். நான் வாங்கிக்கொள்வேன். மிஞ்சியதை எங்கள் வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலைக்காரப் பெண்ணுக்கு லீவு நாள். வழக்கம்போலச் செருப்பை நனைத்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். குளியலறை வாசலிலேயே கால் வழுக்கிவிட்டது. விழுந்த சத்தம் எனக்கே வேறு யாரோ விழுந்த மாதிரிக் கேட்டது. எழுந்திருக்கலாம் என்று காலை இழுத்தால் இடுப்பில் உயிர் போனது. போன் சாப்பாட்டு மேசையில் இருந்தது. அது அங்கே இருந்தால் என்ன, டொரான்டோவில் இருந்தால் என்ன.

கத்தினேன். வெளியே பக்கத்து வீட்டுத் தகரத்தின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மக்கை எடுத்து வாளியில் தட்டினேன், விடாமல் தட்டினேன். மழை கொஞ்சம் விட்டபோது எங்கள் வீட்டு மணி அடித்தது. ஒரே ஒரு தடவைதான் அடித்தது. "அம்மா, நான் விழுந்துட்டேன், கதவை உடைங்க" என்று இருந்த தெம்பையெல்லாம் சேர்த்துக் கத்தினேன், கம்மிய குரல் கூடத்தைத் தாண்டியிருக்காது. எதிர் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம் மறுபடி மழை.

அன்று பகலும் ராத்திரியும் அந்த ஈரத் தரையில் கிடந்தேன். குடிக்க வாளித் தண்ணீர் இருந்தது. என்னென்னவோ நினைத்தேன். செத்துப்போனால் நாற்றம் அடித்த பிறகுதான் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். அவரையும் திட்டினேன். நீர் பாட்டுக்கு மெத்தையில் படுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டீர், எனக்கு வாய்த்ததைப் பாரும் என்று வாய்விட்டே திட்டினேன்.

திங்கட்கிழமை காலை வேலைக்காரப் பெண் வந்தாள். முன்பு கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்தவள். இப்போது அரசாங்கம் அங்கிருந்த குடிசைகளை எடுத்து, ஊருக்கு வெளியே வீடு கொடுத்து அனுப்பிவிட்டதால் இரண்டு பஸ் மாறி வருகிறாள். மணி அடித்தாள், கதவைத் தட்டினாள், பிறகு எதிர் வீட்டுக் கதவை இடித்தாள். அவள் குரலுக்கு மழையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

"ஏம்மா, கொஞ்சம் வந்து கதவ ஒடைங்க! அம்மா செருப்பு வெளிய கீது. செருப்பு போடாம அது கீழகூட எறங்காது. உள்ள இன்னாவோ ஆயிக்கீது!"

எதிர் வீட்டுக்காரன் தோளால் இடித்துப் பூட்டைப் பெயர்த்தான். அவள்தான் முதலில் ஓடி வந்தாள். "ஐயோ, இன்னாம்மா இப்டி கெடக்கிற!" என்று தலையில் அடித்துக்கொண்டு, கொடியில் கிடந்த என் சேலையை எடுத்து என்மேல் போர்த்தினாள். அவளுக்குப் பின்னால் எதிர் வீட்டுப் பெண் பதறிக்கொண்டு ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள் எங்க? அங்கிளுக்கு என்ன ஆச்சு?"

"இன்னா அங்கிளு? சாரு செத்து மூணு வருசம் ஆவுது."

"அப்போ வெளிய இருக்கிற செருப்பு?"

"அது சும்மாம்மா. திருடனுக்கு போட்டு வச்சிக்கீது."

இடுப்பு முறிந்து கிடக்கிறேன், காப்பாற்ற ஆள் வந்துவிட்டது. எனக்கு வந்ததென்னவோ கோபம்தான். இவ்வளவு சத்தமாகவா சொல்வாள்? இந்த வீட்டுக்குள் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை. காலமாகிவிட்டார், தவறிவிட்டார், சாமியிடம் போய்விட்டார் என்றுதான் வந்தவர்கள் சொன்னார்கள். செத்து மூணு வருசம் என்று அன்றுதான் கேட்டேன். கேட்டதும் அழ ஆரம்பித்தேன். வலிக்கிறது போல என்று அவள் என் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் ஆயிற்று. மகன் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தான். வாக்கரோடு வீட்டுக்கு வந்த அன்று எதிர் வீட்டுப் பெண் கஞ்சி கொண்டுவந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகாமல் கட்டில் பக்கத்திலேயே நின்றாள்.

"அன்னைக்கு மணி அடிச்சது நான்தான் ஆண்ட்டி. ஏதோ தட்டுற சத்தம் கேட்டுது. வந்து பாத்தா அங்கிள் செருப்பு ஈரமா கெடந்துது. இப்பதான் வெளிய போயிட்டு வந்திருக்கார், எதுவா இருந்தாலும் அவர் பாத்துப்பார்னு போயிட்டேன்." விசும்பி விசும்பி அழுதாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவர் பாத்துப்பார்னுதான்மா நானும் அதை அங்க போட்டேன்."

அவள் போன பிறகு வாசலில் ஏதோ நகர்த்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மகன் வந்து கூப்பிட்டான். வாக்கரைத் தள்ளித் தள்ளி வாசலுக்குப் போனேன். பூட்டு புதிது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டிருந்தான். சுவரில் ஹெல்மெட் அதன் ஆணியிலும், குடை அதன் ஆணியிலும், மழைக்கோட்டு உதறி மடித்து அதன் ஆணியிலும் இருந்தன. ஸ்டாண்டைத் துடைத்து, பழையதையெல்லாம் கழித்திருந்தான். மேல் தட்டில் என் செருப்பு, நடுவில் அவன் ஷூ, கீழ்த் தட்டில் அவருடையது. என் சட்டம் ஒன்றுகூடப் பிசகாமல் எல்லாம் அதனதன் இடத்தில். டொரான்டோ நன்றாகத்தான் பழக்கியிருக்கிறது.

அவருடைய செருப்பு இரண்டும் ஒட்டினாற்போல, நேராக இருந்தன. அவர் இருந்தவரை ஒருநாளும் அவை அப்படி இருந்ததில்லை. போன பிறகும் நான் அப்படி விட்டதில்லை. இது யாரோ போய்விட்ட ஒருவருடைய செருப்பு என்று இப்போது யார் பார்த்தாலும் தெரியும்.

ஒன்றையாவது குப்புறத் தள்ளிவிடலாம் என்று பார்த்தேன். குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாக்கரின் காலை நீட்டித் தள்ளப் பார்த்தேன். அது ஸ்டாண்டின் விளிம்பில் இடித்து நின்றது, கீழ்த் தட்டுக்குள் நுழையவில்லை.

"என்னம்மா, சரியா வைக்கலையா?" என்றான்.

"சரியாத்தான்டா வச்சிருக்க," என்றேன். "அப்பா செருப்பை எடுத்து உள்ள வச்சிடு."