சென்சார் குடித்த மோர்

மண்ணின் ஈரத்தை அறியும் கருவிக்கு, கிணற்றுக்குள் மனிதர் இருப்பது தெரியுமா? மோர்த் தூக்குப்போசியுடன் வரப்பில் நின்றபோதுதான் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது.

எலப்புள்ளியில் எங்களுக்குக் கத்தரித் தோட்டம் இருக்கிறது. நிலத்தடி நீர் ஊருக்கே பொது என்பதால், அதை வீணாக்காதிருக்க நான் வற்புறுத்தி அண்மையில்தான் கம்பியில்லா சென்சார்களைப் பதித்தோம். மண் உலர்ந்தால் சென்சார் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்; சற்று நேரத்தில் மோட்டார் தானாக ஓடும்.

அன்று என் கணவர் கிணற்றுக்குள் இறங்கி, பம்புக்குள் கையை விட்டு அடைப்பை நீக்கிக்கொண்டிருந்தார். மெயினை அணைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. இத்தனை காலம் அவர் தொடாமல் மோட்டார் ஓடியதில்லையே! தோட்டத்தின் மறுகோடியில் வந்துகொண்டிருந்த என் காலடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கத்தினேன், அவருக்குக் கேட்கவில்லை. ஓடினாலும் நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது. கைப்பேசியில் நிறுத்தலாமென்றால் சிக்னல் இல்லை. மோர் முழுவதையும் சென்சாரின் அடியில் கவிழ்த்தேன்.

விளக்கு அணைந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

மேலே ஏறி வந்தவர், "ஏம்புள்ள, மோரு எங்க?" என்றார்.

"நம்ம சென்சாரு குடிச்சிருச்சுங்க."

நடந்ததைச் சொன்னதும் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அதுக்காவது உப்பு சரியாப் போட்டியா?" என்று கேட்டார்.

இப்போது கிணற்றில் இறங்குமுன் ஃபியூஸைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிடுகிறார். அவர் மேலே வந்து மோர் குடித்து முடிக்கும்வரை அதை நான் திருப்பித் தருவதில்லை.